நாடு செலவழித்தால் ஆள் பிழைப்பாரா? புற்றுநோய்க் கணக்கு பற்றி ஒரு இழை

மார்ச் 2, 2025

தம்பி ஒருவர் கேட்டதை அப்படியே போடுகிறேன்: "அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஐந்து வருடம் தாண்டுகிறார்கள். இந்தியாவில் அறுபத்தாறு. அவர்கள் செலவழிக்கிறார்கள், பிழைக்கிறார்கள். நாம் செலவழிப்பதில்லை, சாகிறோம். இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது அண்ணா?"

எண்கள் சரிதான். 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த, நாடுகளின் புற்றுநோய்ப் பிழைப்பை ஒப்பிட்ட கான்கார்ட்-3 ஆய்வு. 71 நாடுகள், 322 புற்றுநோய்ப் பதிவேடுகள், 2000 முதல் 2014 வரை நோய் கண்டறியப்பட்ட 3.75 கோடிப் பேர். அதில் மார்பகப் புற்றுநோய்க்கு அமெரிக்கா 90.2, ஆஸ்திரேலியா 89.5, இந்தியா 66.1 சதவீதம். அமெரிக்கா தன் ஜிடிபியில் ஆறில் ஒரு பங்கை மருத்துவத்துக்குச் செலவழிக்கிறது. இந்தியாவில் அரசு, தனியார், நம் பாக்கெட் எல்லாம் சேர்த்தும் 2021-22இல் 3.83 சதவீதம். அரசின் பங்கு மட்டும் 1.84.

அதனால் தம்பி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். பணம் போடாத இடத்தில் நோயாளி பிழைப்பது கஷ்டம். நான் மில்லில் கணக்கு எழுதுகிறவன். வரவு இல்லாமல் செலவு எழுத முடியாது என்பது எனக்குத் தெரியும். அம்மாவுக்கு 2016இல் மார்பகப் புற்றுநோய், மூன்றாம் ஸ்டேஜ். அன்றிலிருந்து இந்த மாதிரி அட்டவணைகளைப் பார்த்தால் அம்மாவின் வரிசையைத்தான் கண் முதலில் தேடுகிறது.

மார்ச் 3

ஒன்று சொல்ல விட்டுப்போனது. "ஐந்தாண்டு பிழைப்பு" என்றால் குணமானவர் கணக்கு இல்லை. நோய் என்று பெயர் வைத்த நாளிலிருந்து ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருப்பவர் கணக்கு. வேறு காரணத்தால் சாகும் வாய்ப்பைக் கழித்துவிட்டுப் போடுகிறார்கள், அவ்வளவுதான்.

அம்மா 2021 செப்டம்பரில் அந்தக் கோட்டைத் தாண்டினார். வீட்டில் பாயசம் வைத்தோம். 2023இல் இடுப்பெலும்பில் திரும்ப வந்தது. உலக அட்டவணையில் அம்மா இன்றைக்கும் பிழைத்தவர்கள் பக்கம்தான்.

மார்ச் 5

முதல் குறிப்பில் ஒப்புக்கொண்டது எனக்கே உறுத்துகிறது. அதே கான்கார்ட் அட்டவணையில் வயிற்றுப் புற்றுநோய்ப் பக்கத்தைப் புரட்டினேன். தென்கொரியா 68.9. ஜப்பான் 60.3. அமெரிக்கா 33.1. பிரிட்டன் 20 சொச்சம்.

அந்த வருடங்களில் கொரியாவின் மருத்துவச் செலவு ஜிடிபியில் சுமார் 7 சதவீதம். அமெரிக்கா அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். செலவுதான் எல்லாம் என்றால் வரிசை தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

காரணம் ஒன்றும் ரகசியம் இல்லை. கொரியாவிலும் ஜப்பானிலும் வயிற்றுப் புற்றுநோய் நம் ஊர் வாய்ப் புற்றுநோய் மாதிரி, வீட்டுக்கு வீடு தெரிந்த நோய். உப்பில் ஊறிய உணவும் ஹெலிகோபாக்டர் என்ற பாக்டீரியாவும் அங்கே அதிகம். அதனால் ஜப்பான் பல பத்தாண்டுகளாக பேரியம் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுத்துத் தேடுகிறது. கொரியாவில் நாற்பது வயதானால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பிக்கு, அதாவது வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கக் கூப்பிடுகிறார்கள். நோய் வயிற்றின் உள்தோலைத் தாண்டுவதற்கு முன்பே கையில் சிக்குகிறது. அங்கே வயிற்று அறுவை செய்யும் மருத்துவருக்கு அது தினசரி வேலை. அமெரிக்காவில் நோயே குறைவு, தேடுவதும் இல்லை. வயிறு வலித்துச் சோறு இறங்காதபோதுதான் போகிறார்கள்.

மார்ச் 5, இரவு

முந்தைய குறிப்புக்கு ஒரு திருத்தம். மேலை நாடுகளில் வயிற்றுப் புற்றுநோய் உணவுக்குழாய் சேரும் மேல்முனையில் வருவது அதிகம். அது சிகிச்சைக்குக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும் வகை. ஆகவே 69க்கும் 33க்கும் நடுவில் இருப்பது முழுவதும் எண்டோஸ்கோப்பியின் சாதனை இல்லை. ஒரே பெயரில் இரண்டு நோயை ஒப்பிடுகிறோமோ என்ற சந்தேகத்தை எப்போதும் வைத்துக்கொள்ள வேண்டும்.

மார்ச் 9

ஜூலியானி கதை. நியூயார்க்கின் முன்னாள் மேயர். அவருக்கு 2000இல் புராஸ்டேட் புற்றுநோய் வந்தது. 2007இல் அதிபர் வேட்பாளராக நிற்கப் பார்த்தபோது ஒரு விளம்பரத்தில் சொன்னார்: அமெரிக்காவில் தான் பிழைக்க வாய்ப்பு 82 சதவீதம், அரசு மருத்துவம் நடக்கும் இங்கிலாந்தில் 44 சதவீதம்தான். பணம் செலவழிக்கும் நாடு காப்பாற்றும் என்பதற்கு இதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது.

எண்களே தப்பு என்று அப்போதே பலர் காட்டினார்கள். அது கிடக்கட்டும். சரியான எண்ணைப் போட்டாலும் அமெரிக்கா வெகு தூரம் முன்னால்தான் இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அடுத்த வரி. அதே காலத்தில் புராஸ்டேட் புற்றுநோயால் செத்தவர்கள், லட்சம் ஆண்களுக்கு, அமெரிக்காவில் சுமார் 26. இங்கிலாந்தில் சுமார் 27.

பிழைப்பு விகிதத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், சாவில் ஒரே ஒரு ஆள் வித்தியாசம். எப்படி?

நான் தாளில் எழுதிப் பார்த்தது இது. ராமுவும் சோமுவும் எழுபது வயதில் ஒரே நோயால் சாகிறார்கள். சோமுவுக்கு மூத்திரம் போகச் சிரமம் வந்து அறுபத்தேழில் கண்டுபிடித்தார்கள். மூன்று வருடம் இருந்தார். கணக்கில் "பிழைக்கவில்லை". ராமுவுக்கு அறுபதிலேயே, புராஸ்டேட் நோயைத் தேடும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிட்டது. பத்து வருடம் இருந்தார். கணக்கில் "பிழைத்தார்". ராமுவுக்கு ஒரு நாள் ஆயுள்கூட அதிகம் கிடைக்கவில்லை. நோயாளி என்ற பெயரோடு ஏழு வருடம் அதிகம் வாழ்ந்தார்.

அப்புறம் கோபாலைச் சேருங்கள். அவர் உடம்பில் ஒரு சிறு கட்டி, அது வளரவே வளராது, அவர் எண்பத்தைந்தில் இதயம் நின்று போவார். தேடாத ஊரில் அவர் நோயாளியே இல்லை. தேடும் ஊரில் அவர் "பிழைத்தவர்". இப்படி நூறு கோபால்களைப் பட்டியலில் சேர்த்தால் விகிதம் தானாக ஏறிவிடும், யாரையும் காப்பாற்றாமலே.

ஆகவே முதல் குறிப்பில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மார்பகப் புற்றுநோயில் 90க்கும் 66க்கும் உள்ள இடைவெளியில் எவ்வளவு சிகிச்சை, எவ்வளவு சீக்கிரம் பெயர் வைத்தது என்று பிரித்துப் பார்க்காமல் நான் தலையாட்டியது தப்பு.

மார்ச் 10

"அப்படியானால் சாவு விகிதத்தையே பார்த்துவிட்டுப் போவோமே" என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். பார்க்கலாம், ஆனால் அதிலும் ஒரு குழி இருக்கிறது. சாவு விகிதம் நோய் எத்தனை பேருக்கு வருகிறது என்பதையும் சேர்த்துச் சுமக்கிறது. புகைபிடிப்பவர்கள் குறைந்த நாட்டில் மருத்துவர்கள் சும்மா இருந்தாலும் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு குறையும்.

2022இல் வந்த ஒரு ஆய்வு இதைத்தான் செய்தது. 22 பணக்கார நாடுகள், புற்றுநோய்க்கு மட்டும் ஆளுக்கு எவ்வளவு செலவு, லட்சத்துக்கு எத்தனை சாவு. நடு மதிப்பு 296 டாலர். அமெரிக்கா 584. சாவில் அமெரிக்கா 86, நடுவில் இருக்கும் நாடு 91. கொஞ்சம் நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அமெரிக்கர்கள் புகைபிடிப்பதைப் பெருமளவு விட்டவர்கள். அதைக் கழித்துச் சரிசெய்ததும் அந்த அனுகூலம் காணாமல் போய்விட்டது. பணக்கார நாடுகளுக்குள் செலவுக்கும் சாவுக்கும் தொடர்பு எதுவும் தெரியவில்லை.

"பணக்கார நாடுகளுக்குள்" என்ற சொல்லைக் கவனியுங்கள். அதை விட்டுவிட்டுப் படித்தால் பெரிய தப்பு நடக்கும். அதைப் பற்றி அடுத்து எழுதுகிறேன்.

மார்ச் 15

அடுத்து என்று சொன்னதற்கு முன்னால், கொரியா. ஐந்தாம் தேதி கொரியாவைத் தூக்கி வைத்து எழுதினேன். அதே கொரியாவின் இன்னொரு பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை.

1999இல் அங்கே தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அந்தப் பட்டியலில் கிடையாது. ஆனால் "வந்ததுதான் வந்தீர்கள், கழுத்திலும் ஒரு ஸ்கேன் பார்த்துவிடலாமே" என்று சின்னக் கட்டணத்துக்கு மருத்துவமனைகள் சேர்த்துக் கொடுத்தன. 2011இல் தைராய்டு புற்றுநோய் 1993இல் இருந்ததைப்போல் பதினைந்து மடங்கு. அந்த ஒரு வருடம் நாற்பதாயிரம் பேருக்கு மேல். சாவு? வருடம் முந்நூறு நானூறு, முன்பு எப்படியோ அப்படியே. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பிழைப்பு விகிதம் கிட்டத்தட்ட நூறு. ஏறக்குறைய எல்லோருக்கும் கழுத்தில் அறுவை. சுரப்பி போனால் ஆயுள் முழுக்க மாத்திரை. நூற்றில் இரண்டு பேருக்குக் குரல்நாண் போயிற்று, பதினொரு பேருக்குப் பக்கத்துச் சுரப்பி கெட்டுக் கால்சியம் தகராறு.

2014இல் அங்கே மருத்துவர்கள் சிலரே ஒன்றுகூடி, நிறுத்துங்கள் என்று பகிரங்கமாகச் சொன்னார்கள். ஒரே வருடத்தில் தைராய்டு அறுவை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், எங்கள் அக்கா. சென்னையில் ஒரு இடத்தில் மாஸ்டர் ஹெல்த் செக்கப் பாக்கேஜ். கழுத்தில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான முடிச்சு என்று ரிப்போர்ட் வந்தது. மறுநாளே அறுவைக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். அக்கா மூன்று நாள் சாப்பிடவில்லை, தாலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேறொரு மருத்துவர் "ஆறு மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன் பார்ப்போம்" என்றார். ஏழு வருடம் ஆகிறது. முடிச்சு அப்படியே இருக்கிறது. அக்காவும் நன்றாக இருக்கிறார், ஆனால் சட்டை வாங்கினால்கூடக் கழுத்து மூடிய சட்டையாக வாங்குகிறார். அந்தப் பயத்தை யார் கணக்கில் எழுதுவது?

மார்ச் 16

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "அப்போது டெஸ்ட் எல்லாம் மோசடி, பணமும் வீண்" என்று இரண்டு பேர். ஐயா, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் பயந்தது இதைத்தான்.

குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயை எடுங்கள். இதில் முன்கூட்டித் தேடுவது என்ற பேச்சே இல்லை. பெயர் முன்னால் வைத்து ஏமாற்ற வழி இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் விடாது, வெளிறிப்போகும், தோலில் ரத்தப்புள்ளி வரும், கண்டுபிடித்துவிடுவார்கள். மருந்துகளும் புதியவை இல்லை. பல பத்தாண்டுகளாக இருக்கும் வின்கிரிஸ்டின், மெத்தோட்ரெக்சேட், அஸ்பராஜினேஸ் வகையறா. இருந்தும், எல்லா வகையும் சேர்த்துப் பார்த்தால், பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 சதவீதம்கூட இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2030க்குள் உலக அளவில் குறைந்தது 60 சதவீதம் என்று 2018இல் இலக்கு வைத்தார்கள்.

இங்கே பணம் பேசுகிறது, தெளிவாகப் பேசுகிறது. சிகிச்சை இரண்டு இரண்டரை வருடம். நடுவில் வெள்ளணுக்கள் இறங்கிக் காய்ச்சல் வந்தால் சில மணி நேரத்தில் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். ரத்தம் உறைய உதவும் தட்டணு கேட்ட நேரத்துக்குக் கிடைக்க வேண்டும். மருந்து ஒரு வாரம் ஸ்டாக் இல்லை என்றால் நோய் காத்திருக்காது. இன்னொன்று, எங்கள் மில்லில் வேலை பார்த்த ஒருவர் வீட்டில் நடந்தது. பையன் மூன்றாம் மாதத்தில் நன்றாகிவிட்டான், முடி முளைத்தது, ஓடி விளையாடினான். கடன் கழுத்தை நெரித்தது, நாத்து நடவு வேறு. "இனி வேண்டாம், சரியாப் போச்சு" என்று நிறுத்திவிட்டார்கள். நோய் திரும்பியபோது மருத்துவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பாதியில் விட்டவர்கள் என்று அந்தப் பையனைப் போன்றவர்களுக்கு ஒரு தலைப்பே உண்டு. அந்தத் தலைப்பின் கீழ் வரும் எண்ணைக் குறைக்கத் தேவைப்படுவது பெரிய மெஷின் இல்லை. தங்க இடம், பஸ் காசு, போன் பண்ணி "ஏன் வரவில்லை" என்று கேட்க ஒரு ஆள்.

ஆகவே பத்தாம் தேதி அடுத்து எழுதுகிறேன் என்றது இதுதான். அடித்தளத்தில் ஒவ்வொரு ரூபாயும் உயிர். மேலே போகப்போக அந்த ரூபாய்க்குக் கிடைப்பது சுருங்குகிறது.

மார்ச் 22

செலவு என்று நாம் எழுதும் எண்ணுக்குள் விலையும் ஒளிந்திருக்கிறது. அளவு வேறு, விலை வேறு. மில்லில் பஞ்சு வாங்கிய செலவு இரண்டு மடங்கு என்றால் முதலாளி முதலில் கேட்பது "கேண்டி (பஞ்சு எடைக் கணக்கு) எத்தனை, ரேட் என்ன" என்றுதான். நாடுகளை ஒப்பிடும்போது மட்டும் யாரும் ரேட்டைக் கேட்பதில்லை.

இமாடினிப் என்ற மாத்திரை, ஒரு வகை நாள்பட்ட ரத்தப் புற்றுநோயை ஏறக்குறைய சர்க்கரை நோய் மாதிரி வைத்து வாழும் நோயாக மாற்றியது. கம்பெனி மாத்திரை மாதம் ஒரு லட்சத்துக்கு மேல். இந்தியத் தயாரிப்பு எட்டாயிரம் அளவில் கிடைத்தது. அந்தக் காப்புரிமையை 2006 ஜனவரியில் முதலில் நிராகரித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். 2013 ஏப்ரல் 1இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த மாத்திரையில் பணக்கார நாடுகள் இந்தியாவைவிடப் பல மடங்கு "அதிகம் செலவழித்தன". உடம்புக்குள் போனது ஒரே மருந்து.

அம்மாவுக்கு இப்போது கொடுப்பது பால்போசிக்லிப் என்ற மார்பகப் புற்றுநோய் மாத்திரை. 2023 ஜனவரியில் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்தது. அம்மாவுக்கு நோய் திரும்பியது அந்த வருடம் வைகாசியில். நான்கைந்து மாதம் முன்னால் வந்திருந்தால் நாங்கள் அந்த மாத்திரையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்போம், அவ்வளவுதான். விலை பல மடங்கு சரிந்த பிறகு வந்ததால் வாங்க முடிகிறது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கை நடுங்குகிறது. அம்மாவுக்கு இதைச் சொன்னதில்லை.

2012இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய் வலையம் மும்பை டாடா மெமோரியலை மையமாக வைத்து நடக்கிறது. அதில் சேர்ந்த மருத்துவமனைகள் மருந்துகளைக் கூட்டாக டெண்டர் விட்டு வாங்கிப் பார்த்தார்கள். நாற்பது மருந்துகளுக்கு 80 சதவீதத்துக்கு மேல் மிச்சம். நாட்டின் செலவு குறைந்தது, நோயாளிக்குப் போன மருந்து குறையவில்லை. இந்த மாதிரி வருடத்தில் செலவு எண்ணை மட்டும் பார்த்தால் நாடு பின்னால் போனதாகத்தான் தெரியும்!

மார்ச் 23

டென்மார்க் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. பக்கத்து ஸ்வீடன், நார்வே மாதிரியே செலவழித்த நாடு. வரிப்பணத்தில் எல்லோருக்கும் மருத்துவம். இருந்தும் 1990களில் புற்றுநோய்ப் பிழைப்பில் பக்கத்து வீட்டாரைவிடப் பின்தங்கிக் கிடந்தது. அவர்களுக்கே அது தலைக்குனிவாக இருந்தது. 2000இல் ஒரு திட்டம், 2005இல் இன்னொன்று. 2007இல் ஒரு முடிவெடுத்தார்கள். சந்தேகம் வந்த நாளிலிருந்து புற்றுநோயை அவசர நோயாக நடத்த வேண்டும். எந்தக் கட்டிக்கு எந்த டெஸ்ட், எத்தனை நாளுக்குள், அடுத்து யாரிடம் என்று நோய்க்கு நோய் பாதை வரைந்தார்கள். நோயாளி காத்திருக்கும் நாட்களை எண்ணி வெளியிட்டார்கள். அறுவைகளைக் கைப்பழக்கம் உள்ள சில மருத்துவமனைகளுக்குள் குவித்தார்கள். 1995 முதல் 2014 வரை ஏழு நாடுகளை ஒப்பிட்ட 2019ஆம் வருட ஆய்வில் முன்னேற்றம் அதிகம் காட்டிய நாடுகளில் டென்மார்க் முன்னணி.

பணம் கூடியது உண்மை. ஆனால் நாட்களை எண்ண ஆரம்பித்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. இதற்கு ஆதாரமாக என்னிடம் இருப்பது என் அம்மாவின் பைல். அதை அப்புறம் எழுதுகிறேன்.

மார்ச் 30

எங்கள் ஊர்க் கதை ஒன்றை இத்தனை நாள் எழுதாமல் வைத்திருந்தேன்.

2000க்கும் 2003க்கும் நடுவில், திண்டுக்கல் பக்கத்தில் பெரியம்மா ஊருக்கு நர்சுகள் வந்தார்கள். வீடு வீடாகப் போய், முப்பதிலிருந்து ஐம்பத்தொன்பது வயது வரை உள்ள பெண்களைக் கூப்பிட்டார்கள். பெரியம்மாவுக்கு அப்போது நாற்பத்திரண்டு. முதலில் போகவில்லை. "எனக்கு ஒண்ணும் இல்லை, நான் எதுக்கு அவிழ்த்துக் காட்டணும்" என்று சண்டை. பக்கத்து வீட்டுக்காரி இழுத்துக்கொண்டு போனார். கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தார்கள். கெட்டுப்போகத் தொடங்கிய இடம் வெளுத்துத் தெரியும். வீட்டுக்கு வந்து பெரியம்மா சொன்னாராம்: "ஊறுகாய்க்கு ஊத்துற புளிச்ச தண்ணிதாண்டி, வேற ஒண்ணும் இல்லை." ஆனால் அவருக்கு வெளுத்திருந்தது. அங்கேயே குளிர் வாயுவால் அந்த இடத்தை உறைய வைத்துச் சுட்டுவிட்டார்கள். மயக்க ஊசி கிடையாது. மறுவாரம் களை எடுக்கப் போய்விட்டார்.

அது பெரிய ஆய்வின் ஒரு பகுதி என்று எனக்குத் தெரிந்ததே அம்மாவின் நோய்க்குப் பிறகுதான். அம்பிளிக்கை கிறிஸ்டியன் பெலோஷிப் சமுதாய சுகாதார மையம், அடையாறு புற்றுநோய் நிலையம், பிரான்சில் லியோனில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை ஆகியவை சேர்ந்து நடத்தியது. மூன்று வாரம் பயிற்சி பெற்ற நர்சுகள். ஊர்களைத் தொகுப்புகளாகப் பிரித்து, 57 தொகுப்புகளில் பரிசோதனை, 57 தொகுப்புகளில் வழக்கம்போல். பரிசோதனைக்கு வந்தவர்கள் 31,343 பேர். 2007 ஆகஸ்டில் லான்செட்டில் முடிவு வந்தது: பரிசோதனை நடந்த பகுதியில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதம் குறைவு, அதனால் சாவு 35 சதவீதம் குறைவு.

சாவு குறைந்தது. பெயர் முன்கூட்டி வைத்த வித்தை இல்லை. ராமு சோமு குழப்பம் இதில் நுழையவே முடியாது, ஏனென்றால் எண்ணியது நோயாளிகளை மட்டும் இல்லை, இரண்டு பக்கத்து ஊர்ப் பெண்கள் அத்தனை பேரையும். செலவு என்று பார்த்தால் புளிச்ச தண்ணி, டார்ச் லைட், வாயு சிலிண்டர், நர்சின் சம்பளம், ஜீப்புக்கு டீசல்.

இந்தத் திண்டுக்கல் எண்ணை நான் எந்த நாட்டின் எண்ணுக்குப் பக்கத்தில் வைக்கவும் தயார்.

ஏப்ரல் 2

ஒரு மருத்துவ மாணவி சரியாகப் பிடித்தார். "வழக்கம்போல்" என்று ஒரு சொல்லில் தாண்டிவிட்டேன். அதன் பொருள், அந்த 57 தொகுப்புப் பெண்களுக்கு அப்போது பரிசோதனை கிடைக்கவில்லை என்பது. இந்தியாவில் நடந்த இந்த மாதிரி ஆய்வுகள்மீது அந்த விமர்சனம் எழுந்தது. வேறு எங்கும் அப்போது பரிசோதனை இல்லையே, அதுதான் நாட்டின் வழக்கம் என்று நடத்தியவர்கள் தரப்பில் சொன்னார்கள். எனக்கு இரண்டு பக்கமும் மனது போகிறது. பெரியம்மா இந்தப் பக்கத்துத் தொகுப்பில் இருந்தார். ஆறு மைல் தள்ளிக் கல்யாணம் ஆகியிருந்தால் அந்தப் பக்கம். மாணவிக்கு நன்றி, இதை விட்டிருக்கக்கூடாது.

ஏப்ரல் 6

அம்மாவின் பைல். சொன்னபடி.

2016 தை: குளிக்கும்போது அம்மா கட்டியைத் தொட்டு உணர்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. தம்பி கல்யாணம் வைகாசியில்.
வைகாசி வரை: அதே.
ஆனி முதல் வாரம்: அத்தையிடம் சொல்கிறார். அத்தை எண்ணெய் போட்டு நீவச் சொல்கிறார்.
ஆனி கடைசி: பக்கத்து ஊர் கிளினிக். "கொழுப்புக் கட்டி, வலி இல்லையே, பயம் வேண்டாம்."
ஆடி: ஆடியில் ஆஸ்பத்திரி வேண்டாம்.
ஆவணி: ஸ்கேன். ரிப்போர்ட்டை வாங்கப் போனபோது பெயர் மாறிய ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டார்கள். பதினோரு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தோம்.
ஆவணி கடைசி: மதுரையில் சதை எடுத்து டெஸ்ட். முடிவு வர ஒன்பது நாள்.
புரட்டாசி: முதல் கீமோ.

தை முதல் புரட்டாசி வரை எட்டு மாதம். இதில் மெஷின் இல்லாததாலோ மருந்து வாங்கக் காசு இல்லாததாலோ போன நாள் எத்தனை என்று நான் சிவப்புப் பேனாவால் குறித்துப் பார்த்தேன். ஒரு நாளும் இல்லை. காப்பீட்டு அட்டை இருந்தது, கீமோவும் கரண்ட் வைத்ததும் அதில் போயிற்று. எங்கள் கையிலிருந்து போனது பஸ், லாட்ஜ், சாப்பாடு, வெளியே எடுத்த ஸ்கேன்கள், அப்பாவுக்கு விட்டுப்போன கூலி. அந்தக் கூலி நாட்டின் மருத்துவச் செலவுக் கணக்கில் வரவே வராது.

எட்டு மாதத்தில் ஐந்து மாதம் அம்மா எங்களுக்காகத் தன் உடம்பை ஒளித்துவைத்த மாதம். அதற்கு அம்மாவைக் குறை சொல்ல என்னால் முடியாது. நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். தை மாதம் முழுக்க அம்மா இடது கையைத் தூக்காமல் தோசை வார்த்ததை நான் பார்த்தேன், கேட்கவில்லை.

இந்தியாவுக்குள்ளேயே பதினோரு பதிவேடுகளை வைத்து 2024இல் ஒரு ஆய்வு வந்தது. 2012 முதல் 2015 வரை மார்பகப் புற்றுநோய் வந்த பெண்கள். மொத்தத்தில் 66.4. மிசோரம் 74.9. அருணாசலத்தின் பாசிகாட் 41.9. இரண்டும் வடகிழக்குதான். முப்பத்துமூன்று புள்ளி வித்தியாசம், அமெரிக்காவுக்கும் நமக்கும் உள்ளதைவிட அதிகம். முதல் நாள் கேட்ட தம்பி இந்த வரியை மட்டும் இரண்டு தடவை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஏப்ரல் 13

மூன்று பேர் தனியாக எழுதிக் கேட்ட கேள்விக்குப் பொதுவில் பதில்: கையில் தட்டுப்படும் புதுக் கட்டி என்றால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், காட்டுங்கள். அக்காவின் தைராய்டுக் கதை எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களை ஸ்கேனில் துழாவுவதைப் பற்றியது. தொட்டால் தெரியும் கட்டிக்கு அது பொருந்தாது. இதைக் குழப்பிக்கொண்டு யாராவது வீட்டிலேயே இருந்துவிட்டால் இந்த இழையை நான் எழுதியிருக்கவே கூடாது.

என் மனைவிக்கு முப்பத்தெட்டு. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்கிறார்கள். நாலைந்து தடவை சொல்லியும் தள்ளிப்போட்டவர், போன வாரம் பெரியம்மா வீட்டுக்கு வந்து ஒரு பகல் முழுக்கப் பேசியதும் சரி என்றுவிட்டார். சித்திரை முதல் வாரம் போகிறார்கள். பெரியம்மாவும் கூடப் போகிறாராம். எதிர்வீட்டுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு.